காற்றடைத்த குழாய்

வாப்பா, இந்த மெசேஜைத் தயவுசெய்து உம்மாவுக்குக்கூடக் காட்டாதீர்கள். அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். ஓமான் வெயிலில் உங்கள் தலைவலி குறைந்ததா?

எண்ணெய்க் கிணற்றின் கிடையான பகுதியில், உள்ளே இறக்கிய லைனர் என்ற இரும்புக் குழாய் தன் பாரத்தாலேயே அடியில் உரசி இறுகிவிட்டது என்றீர்களே. அன்றிலிருந்து உங்கள் குரல் சரியில்லை. அதனால் மாமா வீட்டுக் கழிவுநீர் போகும் கான் குழாயில் நானே செய்து பார்த்தேன். தண்ணீர் நிரப்பிய ரப்பர் ஹோஸ் துண்டு பாதியில் நின்றது. இரு முனையையும் மெழுகால் அடைத்து, உள்ளே காற்றோடு தள்ளினேன். சேற்றுத் தண்ணீரில் மிதந்து வழுக்கிக்கொண்டு போனது, வாப்பா! ஆனால் கயிறு கட்ட மறந்துவிட்டேன். அது உள்ளேயே போய்விட்டது.

இப்போது குசினியில் பாத்திரம் கழுவும் தண்ணீர் வெளியே போகவில்லை. அடைப்பைத் தேடி நாளை முற்றத்தை உடைக்கப் போகிறார்கள். இது என் வேலை என்று இன்னும் யாருக்கும் தெரியாது. "இவ வெள்ளவத்தைக்கு வந்ததிலிருந்து ஒன்னொன்னா ஒடயுது. இன்னொன்னு நடந்தா ஊருக்கு பஸ் ஏத்திருவன்" என்கிறார் மாமி. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணிதப் பிரிவு இல்லையே, அதற்காகத்தானே இங்கே வந்தேன்.

விடிந்ததும் மாமாவுக்கு ஒரு போன் கோல் எடுத்து, நடந்ததை நீங்களே சொல்லுங்கள். போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சாரன் ஒன்றையும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். உங்கள் குழாயையும் காற்றடைத்து விட்டுப் பாருங்கள். பிடியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மாமா கதவைத் தட்டுகிறார். "ரிஹ்லா, மெழுகுதிரிப் பெட்டிய நீயா எடுத்த?"

வாப்பா, உடனே