தூதுவர் அடுக்கிய கதிரைகள்

டார்ம்ஸ்டாட்
12.11.2006

அன்புள்ள மகள் லவினியாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் கொம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை, நீ அந்த எஸ்தோனியக் குளிரில் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் பிள்ளை. நீ திருத்தித் தரச்சொல்லி அனுப்பிய எஸ்தோனிய நாவலின் மொழிபெயர்ப்புக் கட்டு வரவில்லை என்று இரண்டு மாதமாகச் சொன்னேனே, அது பொய். செப்டெம்பரிலேயே வந்துவிட்டது, நிலவறையில் உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். சென்னைப் பதிப்பகத்தார் மாத முடிவுக்குள் கேட்கிறார்கள் என்று நீ தொலைபேசியில் அழுத பிறகும் எடுக்கவில்லை. காரணம் வேறொன்றுமில்லை, வயிற்றெரிச்சல்.

உன் கடிதம் முழுக்க அந்த நாவல் எழுதிய மனிதர்தான். சோவியத் காலத்தில் அவரை எழுதவிடாமல் தடுத்தார்களாம், நாடு விடுதலையானதும் தேர்தலில் நின்று வென்றாராம், அமைச்சரானாராம், இப்போது பெர்லினில் தூதுவராம். மொத்தமே பத்து இலட்சத்துச் சொச்சம் பேர் பேசுகிற மொழியில் எழுதியவருக்கு ஒரு தூதரகம். நானும் எழுதினவன்தான். அகதி விடுதியில் கையால் எழுதிப் பிரதி எடுத்து ஒன்பது இதழ் விட்டேன், நீதான் தாள் அடுக்கித் தந்தாய். எனக்குக் கிடைத்தது நகர மண்டபத்தைத் திறந்து பூட்டிக் கதிரை அடுக்குகிற வேலையும் அதன் சாவிக்கொத்தும்.

போன வியாழன் அதே மண்டபத்துக்கு அவர் வாசிக்க வந்தார். நான் லீவு போட்டு, உன் முதல் நன்மைப் பூசைக்கு நான் தைத்த கோட்டையும் போட்டுக்கொண்டு முன்வரிசையில் விருந்தாளியாக இருந்தேன். நன்றாகத்தான் வாசித்தார், அதுவும் பிடிக்கவில்லை. முடிந்து சனம் எழும்ப, என் கை என்னைக் கேளாமலே கதிரைகளை மடித்து அடுக்கத் தொடங்கிவிட்டது. வெட்கமாகப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் தூதுவர், கோட்டைக் கழற்றிவிட்டு அவரும் அடுக்குகிறார். தடை இருந்த காலத்தில் தானும் ஏழு வருடம் நாடக அரங்கொன்றில் கதிரை அடுக்கினதாகச் சொன்னார். அதிலும் எனக்கு முந்திவிட்டார். உங்கள் நாவலைத் தமிழாக்குகிறவள் என் மகள்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் இதைச் சொன்னதும், அந்தாள் கதிரை தூக்கினதிலயும் உங்களுக்கு எரிச்சலோ, முதல்ல பிள்ளையின்ர கட்டை எடுங்கோ என்று கொம்மா கத்தினாள். எடுத்தேன், மூன்று நாளில் வாசித்து முடித்தேன். பனி உருகின சேற்றுக்குச் சுரி என்று போட்டிருக்கிறாய். அதுவும் அதைப் போல இன்னும் எத்தனையோ, எல்லாம் நான் உனக்குச் சொல்லித்தந்த மன்னார்ச் சொற்கள். என் கதைகளுக்கென்று சேர்த்தவற்றை அவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாய். என் கதைகளில் இருந்ததைவிட அங்கே அவை நன்றாக இருக்கின்றன. இதை எழுதக் கை கூசுகிறது. பதினாறு இடத்தில் சிவப்பு மை போட்டிருக்கிறேன், பத்துத்தான் பிழை, மற்ற ஆறும் பொறாமையில் போட்டவை. எவை என்று உனக்கே தெரியும், விட்டுவிடு. கட்டை நாளைக் காலை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

மாதா உன்னோடு துணை நிற்கட்டும். காதை மூடித் தொப்பி போடு, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. முன்னுரையில் எனக்கு நன்றி சொல்லப்போவதாக எழுதியிருந்தாய், வேண்டவே வேண்டாம் என்று பெரிய மனிதன் மாதிரி மறுத்திருந்தேன். போடு பிள்ளை. பெயரை முழுதாகப் போடு.

இப்படிக்கு
உன் அப்பா
சூசை இராயப்பு