மற்றப் பக்கத்துப் பதிவு

மகளின் அப்பாவுக்கு,

நானும் மகளும் சுகம். இங்கே போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் கிழவரைப் பற்றி உங்களுக்குச் சொன்னதில்லை. அவர் ஒரு பழைய போர் விமானத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். கோர்செயர் என்று பெயர். இரண்டாம் உலகப்போரின் கடைசி மாதங்களில் அமெரிக்கக் கடற்படைக்கு வந்த அதன் நாலாம் வகை. மேசை முழுக்க அதன் சண்டைப் பதிவுகள்தான், தூசு தட்டக்கூட இடமில்லை.

மூன்று விமானங்களைச் சுட்டு விழுத்தினேன் என்று ஒரு விமானி எழுதியிருந்தால் கிழவர் உடனே நம்பமாட்டார். அன்றைக்கு எத்தனை திரும்பி வரவில்லை என்று யப்பான்காரரின் பதிவில் தேடுவார். அதில் ஒன்றுதான் இருக்கும். "பொய் என்று சொல்லமாட்டேன். மற்றப் பக்கத்தையும் கேட்க வேண்டும்" என்பார்.

போன வெள்ளி காலை ஃபோன் எடுத்தீர்கள். "கொழும்பிலை விசா வரிசையிலை நிக்கிறன், பிறகு கதைக்கிறன்" என்றீர்கள். நான் ஃபோனை வைக்கவும், மன்னார்க் கோயில் திருவிழாவில் மாதா சிலை ஊர்வலம் போகும் நேரலையை மகள் போடவும் சரியாக இருந்தது.

"மம்மா, பப்பா சுருவத்துக்குப் பின்னாலை போறார்! அவருக்குக் குடை பிடிக்கிற ஆன்ரி ஆர்?"

அங்கே வெயில் கூடவாக்கும் என்று சொல்லி வைத்தேன்.

உங்களை இங்கே கூப்பிட நான் இரண்டு வருடம் அலைந்து எடுத்த அனுமதிப் பேப்பரின் தவணை அடுத்த மாதம் முடிகிறது. நீங்கள் வரிசையில் நின்றதாகவே வைத்துக்கொள்கிறேன். ஆனால் இதற்கு நீங்கள் மட்டும் பதில் எழுத வேண்டாம். குடை பிடித்தவளையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

மகளின் அம்மா