வாய்க்கால் வழியில் ஒரு துவக்கு

ராத்தா,

இன்று சுபஹு தொழுத கையோடு கிணற்றடி வாழைக்குப் பின்னால் குழி தோண்டி, ஒரு தேக்கிலைப் பொதியைப் புதைத்தேன். தங்கச்சி வீட்டுக்கென்று உங்கள் கணவர், என் மச்சான், அனுப்பிய மான் இறைச்சி. பாங்கு சொல்லுமுன்பே உங்கள் மகள் வேலியால் வந்து தந்துவிட்டுப் போனாள். "வாப்பா தந்த, சாச்சி. ஈரலும் இரிக்கி" என்றாள். பொதியில் இன்னும் சூடு இருந்தது. விரித்துப் பார்த்தேன். இறைச்சி கறுத்திருந்தது.

நாய் கிண்டாதபடி மேலே உடைந்த ஓடுகளை அடுக்கினேன். மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் கையிலிருந்து வாசம் போகவில்லை. தலையிடி என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நிறத்தை நான் முதலில் கண்டது உங்கள் குசினியில். சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருஷம். காடு முறிந்து கிடந்ததால் மான்கள் வயலுக்குள் இறங்கத் தொடங்கியிருந்தன. வேளாண்மையைக் காக்க என்று சொல்லித்தான் மச்சான் அந்தக் கட்டுத்துவக்கை வாங்கினார். மான் போகும் தடத்துக்குக் குறுக்கே நூலைக் கட்டி, துவக்கைப் புதருக்குள் மறைத்துவிட்டு வந்துவிடுவார். நூல் இழுபட்டால் அது தானாக வெடித்து மானைச் சுடும். காலையில் சைக்கிளில் சாக்கு வரும். நீங்கள் அகப்பையோடு குசினி வாசலை மறித்துக்கொண்டு நிற்பீர்கள்.

"பிஸ்மி சொல்லி அறுத்தீங்களா?"

"ஓம்."

"உசிரோட இருந்திச்சா? செத்தத அறுத்தா ஹராம்."

"ஓம் புள்ள. நான் போகக்குள்ள காலடிச்சிக்கிட்டுத்தான் கெடந்த."

சைக்கிள் ஹாண்டிலைத் துடைத்தபடியே சொல்வார். உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்.

"கறுத்திருக்கே ராத்தா, ரத்தம் வடியாத மாதிரி" என்றேன் ஒருநாள்.

"கண்ணாடி போட்ட டீச்சருக்கு எல்லாம் கறுப்பாத்தான் தெரியும். நீ இஞ்சியத் தட்டுகா" என்று சிரித்தீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கேட்டாச்சி. அவர் சொல்லிட்டார். இனி அந்தப் பாவம் அவர்ட கழுத்துல" என்றீர்கள்.

நான் இஞ்சியைத் தட்டினேன். அன்று இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

ஆனால் ஒரு காரியத்தில் நீங்கள் அவரை விடவில்லை. துவக்குக் கட்டிய வழியின் முனையில் ஒரு பச்சைக் குழையை முறித்துக் குறுக்கே போட வேண்டும். குழை கிடந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று வயலில் எல்லோருக்கும் தெரியும். "மானும் அதப் பாத்துப் படிச்சிட்டா நான் என்ன செய்யிற?" என்று அவர் பகிடி விடுவார். "குழை போடாம வந்தா இந்த வீட்டுல சோறு இல்ல" என்பீர்கள் நீங்கள். அது பகிடி இல்லை என்று அவருக்குத் தெரியும்.

நீங்கள் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் நான்கு வருஷமாகிறது. ஆசுபத்திரியில் அவரிடம் கடைசியாக நீங்கள் கேட்டது மகளுக்கு ஒரு வீடு. அவர் மறக்கவில்லை. சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. இறைச்சி இப்போது நம் சட்டிக்கு வருவது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஒரு லொறிக்காரனுக்குப் போகிறது. ஒரு துவக்கு மூன்றாகியிருக்கிறது என்று வயலில் கதை.

குழை போடுவதை அவர் நிறுத்திவிட்டார். வயல் பக்கம் படை முகாம் ஒன்று வந்த பிறகு, துவக்கோடு திரிகிறவர்கள் வரம்பு வழியெல்லாம் நடக்கிறார்கள். பச்சைக் குழை கிடந்தால் அவர்கள் ஏனென்று பார்ப்பார்கள். அதனால் இப்போது எந்த வழியில் நூல் இருக்கிறது என்று அவர் ஒருவருக்கே தெரியும்.

போன கிழமை வாய்க்கால் வழியில் ஒரு பசு செத்துக் கிடந்தது. பள்ளத்தில் விழுந்ததென்று சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். முன்னங்காலுக்குச் சற்று மேலே என் பெருவிரல் போகிற அளவுக்கு ஒரு துளை. எறும்பு மொய்த்திருந்தது.

அன்று பின்னேரமே மச்சானைப் படலையடியில் மறித்தேன்.

"மச்சான், சனிக்கிழமை வேளாண்மை வெட்டுத் தொடங்குது. பொண்டுகள் கதிர் பொறுக்க அந்த வழியாலதான் போவாங்க. துவக்கக் கழட்டுங்க."

"வகுப்பெடுக்கிறீங்களா டீச்சர்?"

"பகிடியில்ல மச்சான். அந்தப் பசுவ நான் பாத்தன்."

சைக்கிளை வேலியில் சாய்த்தார். பிறகு ஹாண்டிலைத் துடைத்தார். "ஓம் புள்ள. கழட்டிட்டன்."

அந்த 'ஓம்' எனக்குப் பழக்கமான ஓம், ராத்தா. குசினி வாசலில் எத்தனையோ காலை கேட்டது. கேட்டாச்சு, அவர் சொல்லிவிட்டார் என்று நானும் வீட்டுக்குள் வந்துவிட்டேன். நான்கு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். இன்று காலை சூடான பொதி வந்தது.

மான் நெஞ்சுயரத்துக்குத்தான் நூலைக் கட்டுவார். குனிந்து கதிர் பொறுக்கும் பெண்ணின் நெஞ்சும் அதே உயரம். சுமையிலிருந்து வழியில் உதிர்ந்த கதிரையும் அவர்கள் விடமாட்டார்கள். இருட்டோடு வருவார்கள், ஒருவர் பின் ஒருவராக.

நானே போய்க் குழை போடலாமென்று நினைத்தேன். வாய்க்கால் வழி அரைக் கட்டை, அரை மைல் நீளம். இன்று இந்த மரத்தில் கட்டிய நூல் நாளை வேறு மரத்தில் இருக்கும். பெண்களிடம் சொன்னால் ஒரே நாளில் கதை முகாமுக்குப் போய்விடும். பொலிசுக்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் எழுதலாம். நம் ஊரில் அதுதான் வழக்கம். முன்பென்றால் அவரைப் பிடித்துக் கோட்டுக்குக் கொண்டுபோவார்கள். தண்டம் கட்டிவிட்டு வருவார். இப்போது அப்படியில்லை. பேரில்லாத கடிதத்தில் 'துவக்கு' என்ற சொல்லைக் கண்டால், அது மான் சுடுகிற துவக்கா என்று யாரும் கேட்கப் போவதில்லை. பன்றி விரட்ட வைத்திருந்த துவக்குக்காக ஒருவரைக் கொண்டுபோனார்கள். அவருடைய உம்மா இன்றும் சோற்றுப் பார்சலோடு முகாம் வாசலில் நிற்கிறா. பார்சலை வாங்குகிறார்கள். ஆள் உள்ளே இருக்கிறாரா என்று மட்டும் சொல்வதில்லை.

உங்கள் மகள் அப்படி நிற்பதை நினைத்துப் பார்க்கிறேன். பிறகு அந்தத் துளையை நினைத்துப் பார்க்கிறேன். காலையிலிருந்து இரண்டையும் மாறி மாறித்தான் பார்க்கிறேன்.

ராத்தா, நீங்கள் கேட்டதெல்லாம் பதிலுக்காக இல்லை. அவர் 'ஓம்' என்று சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டீர்கள். இதைக் கோபத்தில் எழுதவில்லை. பக்கத்தில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தவள் நான். உங்களிடமிருந்து எனக்கு வந்தவை நிறைய. இந்தப் பழக்கமும் அதில் ஒன்று.

நாளை முதல் பஸ்ஸில் அம்பாறைக்குப் போகிறேன். கடிதம் பொலிசுக்கில்லை, வனசீவராசிகள் கந்தோருக்கு, மான் வழக்குப் பிடிக்கிற அலுவலகத்துக்கு. தபாலில் போடமாட்டேன், கையில் கொடுப்பேன். முதல் வரியில் என் பெயர், நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம். இரண்டாம் வரியில், அவர் எனக்கு மச்சான் என்று. மூன்றாவதில், அவர் அந்தத் துவக்கை வாய்க்கால் வழியில் மானுக்காக மட்டுமே கட்டினார், அந்த இறைச்சியை இத்தனை வருஷம் நானும் சமைத்துத் தின்றேன் என்று. அப்படி எழுதினால் அது மான் வழக்காக இருக்கும். வழக்கில் நானும் இருப்பேன். ஒரு டீச்சர் கையெழுத்து வைத்து, எங்கே என்று கேட்க ஆளிருக்கும் மனிதரை இலேசில் காணாமல் ஆக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும்.

வேலை போகலாம். உங்கள் மகளுக்குப் பேசிய கலியாணம் நின்றுபோகும். சவூதியிலிருக்கும் என் கணவருக்கும் எழுதவில்லை. உங்களைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. உங்கள் மகளிடம் நான்தான் சொல்ல வேண்டும். இன்றில்லை. நாளை நான் திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கியதும், கந்தோர்க்காரர்கள் அவரைத் தேடி வந்து சேருமுன்.