சுவர் தாண்டி வந்த டென்னிஸ்

நவ. 19, செவ்வாய்

காலையிலிருந்து காற்று, மழை இல்லை. தேங்காய் போடும் ஆள் இன்றும் வரவில்லை. நான் கணக்கு எழுதும் கூட்டுறவு சொசைட்டியில் உர மூட்டை இறக்கினார்கள். இருப்பு எழுதி எழுதி முதுகு வலி.

மாலை ஆறரைக்கு டென்னிஸ். ஜெர்மனியில் வருடக் கடைசிப் போட்டி. எட்டுப் பேர், நாலு நாலாக இரண்டு பிரிவு. பிரிவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். முதல் இரண்டு பேர் அரை இறுதிக்கு. ஒரு ஆட்டம் தோற்றால் உடனே மூட்டை கட்ட வேண்டியதில்லை, அதனால் எனக்குப் பிடிக்கும். அண்ணனுக்குப் பிடிக்காது. தோத்தவனுக்கு எதுக்கு மறுபடி இலை போடறது என்பார்.

பார்க்கிறேன் என்று எழுதக் கூடாது, கேட்கிறேன். பாகம் பிரித்தபோது டிவி அவர் பங்கு, மொபெட் என் பங்கு. ஹாலின் நடுவில் எழுப்பிய சுவர் உத்தரத்தோடு நின்றுவிட்டது. மேலே ஓடு வரைக்கும் சந்து. அது வழியாகச் சத்தம் வரும், ஓட்டில் நீல வெளிச்சம் ஆடும். கட்டிலில் படுத்து, நடுவர் சொல்லும் ஸ்கோரை வைத்து ஆட்டத்தை நானே ஓட்டிக்கொள்வேன். அண்ணனோடு பேச்சு நின்று எட்டு மாதம். சித்தப்பா மகள் கல்யாணப் பந்தியில், அத்தனை பேர் நடுவில், "அவனுக்குப் பண்ணையம் வராதுங்க, பேனா புடிக்கத்தான் லாயக்கு" என்றார். சிரித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் ஆட்டக்காரர்களுக்கு நாங்கள் வைத்த பெயர்தான். என் ஆள் 'அவசரம்'. சர்வீஸ் போட்ட கையோடு வலைக்கு ஓடுவான், அண்ணன் வைத்த பெயர். அவர் ஆளுக்கு நான் வைத்தது 'அட்டை'. வால்பாறை அட்டை மாதிரி, பிடித்தால் விடமாட்டான். இந்தத் தடவை இருவரும் ஒரே பிரிவு. முதல் நாளே நேருக்கு நேர்.

அட்டை ஜெயித்தான். 6-4, 6-3. அந்தப் பக்கம் தொடை தட்டும் சத்தம்.

சாந்தாமணி: "உங்களுக்குக் கேக்கோணும்னே தட்டறாருங்க உங்கண்ணன்."

இருக்கும். என் வீட்டுக்காரி இப்படி நடுவில் எண்ணெய் ஊற்றவும் செய்வாள்.

நவ. 20, புதன்

காலையிலேயே புரோக்கர். திங்கட்கிழமை கிரயம், நல்ல நாளாம். வாங்குபவர் பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர். என் பங்குத் தோப்பு, கிணற்றில் பாதி, இரண்டும் சேர்த்து. வீடு பிறகு. கோயமுத்தூரில் உக்கடம் பக்கம் வாடகைக்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

புரோக்கர்: "ஏனுங்க, பங்காளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்களா?"

"சொல்லிக்கலாமுங்க."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. விற்பதென்றால் முதலில் பங்காளியைக் கேட்க வேண்டும். அவர் வேண்டாமென்றால்தான் வெளியாள். நான் கேட்கப்போவதில்லை. பத்திரம் பதிந்த பிறகு தெரியட்டும். முன்பின் தெரியாதவனோடு ஒரே கிணற்றில் முறை வைத்துப் பாய்ச்சும்போது, பேனா பிடித்தவன் அருமை தெரியட்டும். இதை எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

சா.மணி முகம் கொடுத்துப் பேசவில்லை. சாம்பாரில் உப்பு இல்லை. வேண்டுமென்றே போடவில்லையா, தெரியவில்லை.

கிணற்றில் ஒரு நாள் அவர் முறை, ஒரு நாள் என் முறை. மோட்டாருக்கு வேண்டிய கரண்ட் மாலையில்தான் வரும். மோட்டார் ஓடினால் வோல்டேஜ் இறங்கி டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கும், சத்தம் கம்மும். இன்று என் முறை. அவசரத்துக்கும் பொடியனுக்கும் ஆட்டம். (பொடியன்: பத்தொன்பது வயசு, இந்த வருடம்தான் மேலே வந்தவன்.) அண்ணன் டிவி போட்டது கேட்டதும் போய் மோட்டாரைத் தட்டினேன். டிவி தலையில் அவர் இரண்டு அடி அடிப்பது கேட்டது. எனக்கும் ஒரு பாயிண்ட் கூடக் கேட்கவில்லை. என் வயிற்றெரிச்சலில் என் ஆட்டமே போயிற்று.

நவ. 21, வியாழன்

பேப்பரில்: அவசரம் ஜெயித்திருக்கிறான், மூன்று செட். அட்டை இரண்டாவது ஆட்டமும் ஜெயம். டீக்கடையில் பேப்பரைக் கையை விட்டு விடாமல் படித்ததற்குக் கடைக்காரர் முறைத்தார்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், மாட்டுக்குத் தவிடு, சா.மணிக்குத் தலைவலித் தைலம்.

மாலையில் அவசரத்துக்கும் தாடிக்காரனுக்கும் ஆட்டம், பிரிவில் நாலாவது ஆள் அவன். இன்று அண்ணன் முறை, ஆனால் அவர் மோட்டார் போடவில்லை. அட்டைக்கு இன்று ஆட்டமும் இல்லை. இருந்தும் டிவி போட்டார், அதுவும் ஊருக்கே கேட்கிற மாதிரி.

அண்ணி: "காது கிழியுதுங்க. கொஞ்சம் கம்மி பண்ணுங்க."

அண்ணன்: "இருக்கட்டும் உடு."

ஐம்பதுதான் ஆகிறது, அதற்குள் காது மந்தமா? அப்பாவுக்கும் சீக்கிரமே அப்படி ஆயிற்று.

எனக்கு லாபம். பந்து மட்டையில் படுவது கூடக் கேட்டது. அவசரம் ஜெயித்தான், 7-6, 6-4. எழுந்து உட்கார்ந்து வாய்க்குள்ளேயே கத்திக்கொண்டேன்.

கணக்கு இப்போது இதுதான். அவசரம் மூன்றும் ஆடி முடித்தான், இரண்டு ஜெயம். இனி அவன் செய்ய ஒன்றுமில்லை. நாளைக்கு அட்டையும் பொடியனும். அட்டை ஜெயித்தால் நம்மாள் அரை இறுதி. பொடியன் முதல் நாளே தாடிக்காரனை ஜெயித்தவன், நாளையும் ஜெயித்தால் மூன்று பேரும் சமம், செட் கணக்கில் நம்மாள் வெளியே. அட்டைக்கு ஜெயித்தாலும் ஒன்றுதான், தோற்றாலும் ஒன்றுதான். அவன் எப்படியும் உள்ளே. அவன் எதற்கு வியர்வை சிந்த வேண்டும்?

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அட்டை ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நவ. 22, வெள்ளி

சொசைட்டியில் யூரியாவைப் பொட்டாஷ் பக்கம் எழுதிவிட்டேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருக்கலாம்.

சா.மணி மத்தியானம்: "உங்கண்ணன்கிட்டச் சொல்லிப்போடுங்க. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அவங்க மூஞ்சிலதான முழிக்கோணும்."

"நீ வேலையப் பாரு அம்மிணி."

மாலை. என் முறை. மோட்டார் போடவில்லை. தோப்புக்குள் வைத்த வாழை வாடுகிறது, தெரியும். திங்கட்கிழமைக்கு மேல் யார் வாழையோ.

அட்டை ஓடவே இல்லை. பந்து இரண்டு தடவைக்கு மேல் வலையைத் தாண்டவில்லை. முதல் செட் 6-2 பொடியனுக்கு. கட்டிலில் இருக்க முடியாமல் சுவரை ஒட்டி வந்து நின்றேன். அப்போதுதான் அண்ணன் குரல்.

"ஓடு சாமி, கொஞ்சம் ஓடு. உனக்கென்ன, நீ உள்ள போயிட்ட. தம்பி ஆளு வெளிய நிக்கறானில்ல."

அண்ணி: "அவரு எங்க இதயெல்லாம் கேக்கறாரு."

"கேக்கறான். மோட்டாரே போடல பாரு. நேத்து அவன் ஆளு ஆட்டம்னுதான அத்தனை சத்தமா வெச்சேன்."

நேற்றைய சத்தம் எனக்காக. காது மந்தம் என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

இரண்டாவது செட்டும் போயிற்று, 6-3. அவசரம் வெளியே. அந்தப் பக்கம் "ச்ச்" என்றார். பிறகு மெதுவாக, "சாந்தாமணிகிட்டச் சொல்லி அவனச் சாப்பிட வெக்கச் சொல்லு. தோத்தா அவனுக்குச் சோறு எறங்காது."

அழுதேன். நாற்பது வயசு ஆள், சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு. பந்தியில் சொன்னது பொய் இல்லை, இதுவும் பொய் இல்லை. இரண்டையும் ஒரே ஆள் சொன்னால் நான் எதை வைத்துக்கொண்டு கோபப்படுவது?

கூப்பிட்டுவிட்டேன். "அண்ணா."

டிவி சத்தம் குறைந்தது.

"என்ன கண்ணு." தினமும் பேசிக்கொள்கிறவர் மாதிரி.

சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கலாம். அட்டையைத் திட்டியிருக்கலாம், இரண்டு பேரும் சேர்ந்து திட்டியிருப்போம். நான் சொன்னது: "திங்கக்கெழமை கிரயமுங்கண்ணா. தோப்பக் குடுத்துப்போட்டேன். பல்லடத்துக்காரருக்கு."

டிவியில் யாரோ யாருக்கோ கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சாமி."

டிவி நின்றது. ஓட்டில் வெளிச்சம் போயிற்று.

சா.மணி தட்டு வைத்தாள். சாப்பிடாமலேயே தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டேன்.

நவ. 23, சனி

மேகமூட்டம். ஏழு மணிக்கு அண்ணன் வாசலில். எட்டு மாதத்தில் முதல் தடவை. படி ஏறவில்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். சா.மணி "உள்ள வாங்க" என்றதற்கு, "இருக்கட்டும் அம்மிணி" என்றார்.

என்னைப் பார்த்து, "கெணத்துப் பாகமும் சேத்தியா?"

"ஆமாங்கண்ணா."

"அட்வான்ஸ் வாங்கியாச்சா?"

"ஆச்சுங்."

தலையை ஆட்டினார். "அப்ப செரி. குடுத்த வாக்கு குடுத்ததுதான்." போய்விட்டார். கத்துவார் என்று இருந்தேன். கத்தினால் நானும் கத்தலாம் என்று இரவெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.

புரோக்கர் வீட்டுக்கு மொபெட்டில் போனேன். பொள்ளாச்சி போயிருக்கிறார், இரவுதான் வருவார். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அவர் மனைவி மோர் கொடுத்தார். என்ன விஷயம் என்றதற்கு, கிரயத்தை நிறுத்த முடியுமா என்று கேட்க வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சும்மா வந்தேன் என்றேன்.

இன்று அண்ணன் முறை. நாலு மணிக்கே மோட்டார் போட்டவர், ஆறுக்கெல்லாம் நிறுத்திவிட்டார். அவர் தோப்பு நனைந்து முடிந்து, மடையைத் திருப்பி என் வாழைக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார். சா.மணி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆறரை. அரை இறுதி. அட்டை ஆடிக்கொண்டிருப்பான்.

ஏழு.

சுவருக்கு அந்தப் பக்கம் டிவி போடவில்லை.