புதுக் கீபோர்டும் கடைசி இடமும்

மார்ச் 4, செவ்வாய்

தம்பி சொன்னான் என்று வாங்கினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். "மெக்கானிக்கல் கீபோர்டு, அக்கா. கை வலியே இருக்காது. ஸ்பீடு பிச்சுக்கும்" என்றான். அவனிடம் அந்த மாதிரி மூன்று இருக்கின்றன. ஒன்றிலாவது ஒரு முழுப் பக்கம் அடித்து நான் பார்த்ததில்லை. கேம் விளையாடுகிறான், அவ்வளவுதான். நான் காலையிலிருந்து மாலை வரை ஆஸ்பத்திரியின் பின்கட்டில் உட்கார்ந்து, டாக்டர்கள் மென்று துப்பிய குரலைக் காதில் மாட்டிக்கொண்டு நோயாளி அறிக்கை அடிக்கிறவள். அவன் கையும் என் கையும் ஒன்றா?

இன்று ஆபீசில் மாட்டினேன். செங்கல் உயரம். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கிக்கொண்டே நிற்கிறது. விரல் பட்டாலே எழுத்து விழுகிறது. ஒரு வார்த்தை அடித்தால் இரண்டு எழுத்து இலவசம். அடிப்பதும் அழிப்பதுமாகவே நாள் போயிற்று. வலியும் போகவில்லை.

மார்ச் 5, புதன்

பக்கத்து சீட் அக்கா ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "என்னம்மா இது, தகரத்துல கல்லக் கொட்டுற மாதிரி? டாக்டர் பேசறதே கேக்கல எனக்கு."

"காதுல பஞ்சு வெச்சுக்கோங்கக்கா" என்றேன். அதோடு பேச்சு நின்றது. வயதில் மூத்தவர், அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதுதான். ஆனால் அவர் மட்டும் என்னவாம்? பழைய கீபோர்டைப் போட்டு இடிஇடியென்று இடிக்கிறார், நான் ஏதாவது கேட்டேனா?

மார்ச் 7, வெள்ளி

சூப்பர்வைசருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர் வைத்தவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். இன்று புதிதாக ஒன்று கொண்டுவந்திருக்கிறார். எல்லோருடைய திரை மூலையிலும் ஓர் எண் ஓடும். வேலை அளவாம். திங்கள்தோறும் பட்டியல் ஒட்டுவார்களாம். மாதக் கடைசியில் பட்டியலில் அடியில் இருப்பவருக்கு அடுத்த மாதத்திலிருந்து இரவுப் பணி.

பாப்பாவின் அப்பாவுக்கு அச்சகத்தில் ஏற்கெனவே ராத்திரி வேலை. நானும் போய்விட்டால்? பாப்பாவுக்கு எட்டு வயதுதான். இருட்டில் பாத்ரூமுக்குக்கூடத் தனியாகப் போகமாட்டாள்.

போய்ச் சொன்னேன். "வீட்டு விஷயத்த எல்லாம் சிஸ்டம் பாக்காதும்மா" என்றார். சிஸ்டம் பார்க்காது, சரி. இவருக்குமா கண் இல்லை?

மார்ச் 10, திங்கள்

முதல் பட்டியல். நான் முதலிடம்!

ஸ்டாப்வாட்ச் என் கீபோர்டைக் காட்டி எல்லோரிடமும், "பாத்தீங்களா, சொந்தக் காசுல வாங்கியிருக்காங்க. அக்கறைன்னா இது" என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு மோசமாக நான் அடித்ததே இல்லை. ஓர் அறிக்கை முடிவதற்குள் தாவு தீர்ந்துபோகிறது. இதற்கா முதலிடம்?

தம்பிக்கு போன் போட்டால், "நான்தான் சொன்னேன்ல!" என்று குதிக்கிறான். எரிச்சலாக இருந்தது. நல்ல செய்திக்கும் எரிச்சல்படுகிற பிறவி நான்.

மார்ச் 14, வெள்ளி

நியாயத்தை எழுதிவிடுகிறேன். சிறிய துண்டை மடித்து உள்ளங்கைக்கு அணையாக வைத்தேன், நாற்காலியை ஏற்றிக்கொண்டேன். மணிக்கட்டு நேராயிற்று. இந்தக் கீபோர்டுச் சாவிகளை அடிவரைக்கும் இடிக்க வேண்டியதில்லை, பாதி அழுத்தினாலே போதும் என்பதும் விரலுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருடமும் மேசைக்கு ஆணி அடிப்பது போலத்தான் அடித்திருக்கிறேன்.

வேகம் ஒன்றும் கூடவில்லை. டாக்டர் பேசுகிற வேகத்துக்கு மேல் எங்கே போவது? ஆனால் தப்பு குறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து வலது கையாலேயே பூட்டைத் திறந்தேன், வலிக்கவில்லை. படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 17, திங்கள்

கடைசிக்கு முந்தைய இடம். நானா? போன வாரத்தைவிட அதிக அறிக்கை முடித்திருக்கிறேனே!

"கீபோர்டு மோகம் தீந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு ஸ்டாப்வாட்ச் சிரித்தார். பதில் வாய் வரைக்கும் வந்தது. பாப்பாவை நினைத்து விழுங்கினேன். விழுங்கியது இன்னும் செரிக்கவில்லை.

மார்ச் 19, புதன்

எண் ஏறவே மாட்டேன் என்கிறது. பைத்தியம் பிடிக்கிறது.

மார்ச் 20, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஒரு ஃபைலைக் கீபோர்டு மேல் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். திரும்பி வந்தால், ஃபைல் ஸ்பேஸ் பாரை அழுத்திக்கொண்டு கிடக்கிறது, திரை முழுக்க வெற்றிடம். மூலையில் எண் எங்கேயோ போய்விட்டது! அந்த வெற்றிடத்தையெல்லாம் பேக்ஸ்பேஸ் வைத்து அழித்தேன். அதற்கும் ஏறியது.

அது வேலையை எண்ணவில்லை. சாவி அழுந்துவதை எண்ணுகிறது. தப்பாக அடித்தால் ஒன்று, அழித்தால் ஒன்று, திருத்தி அடித்தால் இன்னொன்று. ஒழுங்காக ஒரே முறை அடிக்கிறவள் சோம்பேறி. இந்த அழகுக்கா என் பிள்ளையை ராத்திரியில் தனியாக விடச் சொல்கிறான் இந்த ஆள்? இருடா மவனே, நாளைக்கு இருக்கு உனக்கு.

மார்ச் 21, வெள்ளி

ஸ்டாப்வாட்சை எல்லோர் முன்னாலும் கூப்பிட்டேன். "எண்ணு பொய் சொல்லாதும்மா" என்று வழக்கம்போல ஆரம்பித்தார். அவர் கையிலிருந்த ஃபைலையே வாங்கி என் கீபோர்டு மேல் வைத்தேன். எண் ஓடுகிறது, ஓடுகிறது. "பாருங்க சார், உங்க ஃபைலு என்னைவிட நல்லா வேல செய்யுது. அதுக்கு முதலிடம் குடுத்துருங்க."

அறையே சிரித்தது. அவருக்கு முகம் கன்றிவிட்டது. "சரி, இனிமே முடிச்ச அறிக்கைதான் கணக்கு. இந்த மாசம் ஒண்ணாந்தேதியிலேருந்தே கணக்கெடுக்கச் சொல்றேன். போதுமா?" என்று கத்திவிட்டுப் போனார்.

போதும் சார், ரொம்பப் போதும். வீடு வரைக்கும் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து சீட் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கீபோர்டு சண்டையை இன்னும் மனதில் வைத்திருக்கிறார் போல. வைத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 31, திங்கள்

கடைசிப் பட்டியல். நான் மூன்றாவது. பாப்பா தனியாகத் தூங்க வேண்டாம்.

கடைசி இடத்தில் பக்கத்து சீட் அக்கா.

இன்றைக்குத்தான் அவர் விரல்களைப் பார்த்தேன். கணு ஒவ்வொன்றும் வீங்கி, பளபளவென்று. நினைத்த சாவியில் விரல் இறங்குவதில்லை. வார்த்தைக்கு வார்த்தை அழித்து அழித்து எழுதுகிறார். அதனால்தான் பழைய கணக்கில் மேலே இருந்திருக்கிறார். கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. இடிக்கிறார், இடிக்கிறார் என்று மட்டும் தெரிந்தது.

"நீ உள்ளதத்தானம்மா சொன்ன" என்றார். "ராத்திரின்னா எனக்கென்ன, வீட்ல யாரு காத்துக்கிட்டு இருக்கா. இந்த ராத்திரி ஏசிக் குளுருக்குத்தான் விரல் மடங்காது."

திட்டியிருந்தால் தேவலை. கீபோர்டு சத்தத்துக்கு அத்தனை முறைத்தவர், இதற்கு ஒரு முறைப்புக்கூட இல்லை. எனக்கு ஸ்டாப்வாட்ச் மேல் கோபம், எண் மேல் கோபம், அக்காவின் பொறுமை மேல்கூடக் கோபம். சாப்பிடவில்லை.

ஏப்ரல் 2, புதன்

ஸ்டாப்வாட்சிடம் போய், இரவுப் பணியை நாங்கள் இரண்டு பேரும் வாரம் மாற்றி வாரம் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். "சீட்ல ஆள் இருந்தா சரி. யாருங்கறது உங்க பாடு" என்றார். அந்த வாயில் ஒரு நல்ல சொல் வராது.

வீட்டில் அவர், "நீ எதுக்கு இத இழுத்துப் போட்டுக்கற? பாப்பாவ நெனச்சுப் பாத்தியா?" என்றார். நினைக்காமல்? இந்த மாதம் முழுக்க வேறு எதை நினைத்தேன்? பாத்திரத்தை டமாலென்று வைத்தேன். அவர் அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. என்னிடம் பதில்தான் இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

பதிலை அக்காவே சொன்னார். "ஏன், பாப்பா படுக்க எங்க வீட்ல கட்டில் இல்லையா?"

ஏப்ரல் 7, திங்கள்

இந்த வாரம் என் முறை. கீபோர்டை ஆபீஸ் மேசையிலேயே விட்டுவைத்திருக்கிறேன், துண்டோடு. பகலில் அக்கா அதில்தான் அடிக்கிறார். "இத எவன் கண்டுபிடிச்சான்" என்று திட்டிக்கொண்டேதான். பழகுகிற வரைக்கும் திட்டட்டும்.

சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிப்போக வந்தார். பாப்பா தலையணையை இடுக்கிக்கொண்டு தயாராக நின்றாள். திரும்பிப் பார்ப்பாள் என்று வாசலிலேயே நின்றேன். பார்க்கவில்லை. தெருவைக் கடக்கும்போது அக்காவின் விரல்களைப் பிடிக்காமல், மணிக்கட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு போனாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஸ்வெட்டரை எடுத்துக்கொள்ள வேண்டும்.