கல்லில் என் பெயருக்குக் கீழே

அன்பான அத்தான்,

உங்கள் கல்லறையைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் நானும் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போதே இருவருக்கும் சேர்த்து இடம் பிடித்து, ஒரே கல்லில் இரண்டு பெயரையும் வெட்டச் சொன்னவர் நீங்கள்தானே? உங்கள் பெயருக்குக் கீழே தேதியும் வசனமும் ஏறிவிட்டன. என் பெயருக்குக் கீழே கல் வெறுமையாக இருக்கிறது. அத்தான், நான் அங்கே வரப்போவதில்லை.

நீங்கள் போன துக்கத்தில் விசுவாசத்தை இழந்துவிட்டேன் என்று பாளையங்கோட்டையில் பாதிப் பேர் பேசிக்கொள்கிறார்கள். துக்கத்தில் புத்தி பிசகுகிற ஆளா நான்?

சந்தேகம் பழையது. கான்வெண்ட்டில் கத்தோலிக்கக் கன்னியர்கள், என்னைப் போன்ற புராட்டஸ்டண்ட் பிள்ளைகளுக்குப் பரலோகம் இல்லை என்றார்கள். வீட்டில் அப்பா, கன்னியர்களுக்குத்தான் இல்லை என்றார். அடுத்த வீட்டுச் சைவப் பிள்ளை பார்வதி இரண்டு கணக்கிலும் நரகத்துக்குப் போனாள். தினமும் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனவள் அவள்.

கன்னியர்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் விடவே இல்லை. பரீட்சையில் விடை தெரியாவிட்டால் இடத்தைக் காலியாக விடு, இட்டு நிரப்பாதே.

நீங்கள் போன பிறகு ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. நமக்கு இட்லி மாவு கொண்டுவரும் எஸ்தரின் வீடு கூரை வரை மூழ்கியது. அடுத்த ஞாயிறு, ஆலயம் தப்பியதற்கு நன்றி சொல்ல ஸ்தோத்திர ஆராதனை. ஆலயப் படியைத் தொடாமல் தேவன் தண்ணீரைத் திருப்பிவிட்டார் என்று சபைச் செயலர் சாட்சி சொன்னார். எனக்கு முன்வரிசையில், என் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். திருப்பிவிட்ட தண்ணீர் யார் வீட்டுக்குப் போனது, அத்தான்?

அடுத்தது, ‘தேவனை விசுவாசிக்கிறேன்’ என்று சபையே எழுந்து ஒன்றாகச் சொல்லும் விசுவாசப் பிரமாணம். எழுந்து நின்றேன். வாய் திறக்கவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் முழங்கையால் இடித்திருப்பீர்களோ?

வெளியே வந்ததும் செயலரிடம் அந்தத் தண்ணீர்க் கேள்வியைக் கேட்டேன். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு எந்த ஞாயிறும் நான் பிரமாணம் சொல்லவில்லை. உங்கள் தங்கை கிரேஸ் கவனித்தாள். பிறகு சபைக் கமிட்டியும் கவனித்தது. போன வாரம் குருவானவர் வீட்டுக்கே வந்தார். கிரேஸும் கூட வந்தாள்.

“பிரமாணம் சொல்லாதவங்களுக்குக் கல்லறைத் தோட்டத்துல இடம் குடுக்கக் கூடாதுன்னு பேசுதாங்கம்மா,” என்றார். “சும்மா வாய அசைச்சாப் போதும்.”

“அசைக்கச் சொல்லுதது கடவுளா, கமிட்டியா?”

அவர் காப்பி டம்ளரையே பார்த்தார். “கமிட்டிதாம்மா.”

அந்த நேர்மைக்காக இன்னும் இரண்டு முறுக்கு வைத்தேன்.

கிரேஸுக்குப் பொறுக்கவில்லை. “என்ன மைனி இப்படிப் பண்ணுதிய? ஊரு நியாயமெல்லாம் பேசுத வாய், இதுக்கு மட்டும் அசையாதாக்கும்? அண்ணன் அங்கன தனியால்லா கெடக்காவ!”

“ஒங்க அண்ணன் என்னைக்கு என்கூடப் பேசிட்டுத் தூங்குனாவ? படுத்ததும் குறட்டைதான.”

குருவானவர் சிரித்துவிட்டார். கிரேஸ் அழுதாள். எனக்கும் அவள் சொன்னது தைக்காமல் இல்லை. கட்டிலில் உங்கள் பக்கத்து விரிப்பு இன்னும் கசங்காமல்தான் கிடக்கிறது. உங்கள் அருகில் வர ஆசை இல்லை என்றால் அது பொய். ஆனால் பொய் சொல்லிவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து படுப்பவள், நீங்கள் கட்டிக்கொண்ட பெண்ணாக இருப்பாளா?

அதனால் என் உடம்பை ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் நெஞ்சைத் திறந்து படிக்கட்டும். விசுவாசம் இருந்த இடத்தைத் தேட விரும்பினால், அதையும் தேடட்டும்.

கடவுள் இல்லை என்று நான் சத்தியம் செய்யவில்லை. உண்டு என்று எனக்குத் தெரியும் எனச் சபை நடுவே சொல்ல மறுக்கிறேன், அவ்வளவுதான். அவர் இருந்தால், கமிட்டிக்குப் பயந்து அசையும் வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

எஸ்தரிடமும் இதைச் சொன்னேன். “எனக்கு ஆண்டவரு வேணும்க்கா. கூரை மேல உக்காந்திருந்தப்போ வேற யாரக் கூப்புடுவேன்? ஆனா எனக்காவ நீங்க ஒருத்தராவது கேட்டியள்லா,” என்றாள். நான் அவளோடு வாதாடவில்லை. அவள் சொல்வது அவளுடைய சொந்த விடை. நான் அதைச் சொன்னால் பார்த்து எழுதியதாகிவிடும்.

கல்லிலிருந்து என் பெயரை எடுக்க வேண்டும் என்று யாராவது வந்தால் விடமாட்டேன். உங்கள் மனைவியாக வாழ்ந்தது எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம். அது கல்லில் இருக்கட்டும். கீழே உள்ள இடம் காலியாகவே இருக்கட்டும்.

ஞாயிறுதோறும் வருவேன், அத்தான். பாட்டுக்கெல்லாம் எழுந்து நின்று, நீங்கள் விட்ட சுருதியையும் சேர்த்துப் பிடித்துப் பாடுவேன். பாட்டு பாட்டுதான், பிரமாணம் கையெழுத்து மாதிரி. அது தொடங்கும்போது பக்கத்து வாசல் வழியாக இறங்கி, கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, உங்கள் கல்லைத் துடைத்துக்கொண்டிருப்பேன். என் காலில் தெம்பு உள்ளவரை அந்த நேரத்தில் நீங்கள் தனியாக இருக்கமாட்டீர்கள்.

என்றும் உங்கள் மனைவி,
சுகிர்தம்