மானிஸ் கேட்ட ஒரு பிடி மாவு

உ

ஆறாவது லயம்,
டுரியான் துங்கால்.
10-2-1952

அன்பு மகள் ஜானகிக்கு அம்மா இருசம்மாள் எழுதிக்கொள்வது. மாரியாயி புண்ணியத்தில் நானும் உங்கப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே பிறை டவுனில் நீயும் மாப்பிள்ளை வடிவேலுவும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகம் என்று உன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. எப்போதும் நான் சொல்லச் சொல்ல உங்கப்பாதானே எழுதுவார், இந்தத் தடவை நானே எழுதுகிறேன், மூன்று வருஷம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும், மாப்பிள்ளையிடம் காட்டிச் சிரிக்காதே. உங்கப்பா புகை வீட்டுக்கு ரப்பர் ஷீட் புரட்டப் போயிருக்கிறார், இருமல் இன்னும் விடவில்லை, மருந்து வாங்கி வந்து கொடுத்தால் கசக்கிறது என்று முகத்தைச் சுளிக்கிறார், பச்சைப் பிள்ளை தோற்றது போ. இதில் நான் எழுதப்போவது அவருக்குத் தெரியாது.

பிள்ளையைப் படுக்கவைக்க மானிஸ் கையால் முடைந்த பாய் ஒன்று வேண்டும், அம்மா கேட்டு வாங்கி அனுப்பு என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நான் கேட்க மாட்டேன் ஜானகி. உங்கப்பாவின் பழைய வேட்டி இரண்டைத் துவைத்து மடித்து அனுப்புகிறேன், அதை நாலாக மடித்துப் போடு, பிள்ளைக்கு மெத்தென்று இருக்கும். ஏன் கேட்க மாட்டேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன், சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது.

மானிஸை நீ மறந்திருக்க மாட்டாய், அவள் மடியில்தானே பாதி நாள் கிடந்தாய். ஒன்பதாம் தீம்பார் ரப்பர் மரங்களுக்குப் பின்னால், மலையடிவாரத்தில் அவள் ஆட்கள் குடியிருந்த கம்பத்திலிருந்து பாயும் கூடையும் தேனும் கொண்டுவருவாள். லயத்தில் எல்லாரும் காட்டுச் சனத்தை இளக்காரமாகச் சொல்கிற மாதிரி சக்காய்க்காரி வந்துட்டா என்பார்கள், அவளுக்கு அந்தச் சொல் ஆகாது, நாங்க தெமுவான், அப்படிக் கூப்பிடு என்று என்னிடம் முதல் நாளே கறாராகச் சொன்னவள். நான் வாசலில் கோலம் போட்டால் குந்திக்கொண்டு பார்ப்பாள். அவள் மலாயில் சொன்னதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன். எதுக்கு மொதல்ல புள்ளி வைக்கிற, வழி தெரியாம போயிடுமா, எங்களுக்குக் கைக்கே தெரியும் லா என்று கிண்டல் செய்வாள். பொழுது சாயறதுக்குள்ள ஆளு மாடெல்லாம் மிதிச்சுப் போயிடுது, அழியறதுக்கா இத்தன மெனக்கெடுற என்று கேட்டாள். நீங்க மட்டும் என்னவாம், ஓலையில குருவியும் பூவுமாப் பின்னி மோயாங்குக்குத் தொங்கவிடுறீங்களே, மூணாம் நாளு காஞ்சு சருகாப் போகலையா என்று நான் திருப்பிக் கேட்டேன். மோயாங் என்றால் அவர்களுடைய முன்னோர், நமக்குக் குலசாமி போல. அவள், ஆமா, வெச்சுக்கிறதுக்கா கொடுக்கிறோம் என்று சொல்லிச் சிரித்தாள்.

துரைசாணி ஒரு தடவை அவள் கூடையை வாங்கிப் போய் பங்களாச் சுவரில் ஆணியடித்து மாட்டினாளே, அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது நினைவிருக்கிறதா, உள்ள ஒரு கெழங்குகூட இல்ல, வெறுங்கூட என்ன பாவம் பண்ணுச்சு, கோவிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி நிக்குது என்றாள். அப்போது நான் கேட்டேன், கிழங்கு தூக்குற கூடைக்கு இத்தனை வேலைப்பாடு எதுக்குடி, அதுவும் முதுகிலே மாட்டுறது, உன் கண்ணுக்கே படாதே என்று. எனக்குப் படாது, பின்னால வர்றவ கண்ணுக்குப் படும்ல, காட்டு வழி தூரம், அவ எதப் பாத்துக்கிட்டு நடப்பா என்றாள். அன்றிலிருந்து தெருவில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி கோலத்தைப் பெரிதாகப் போட ஆரம்பித்தேன், உங்கப்பாகூட வாசல் பத்தாது போலிருக்கே என்றார்.

உனக்கு ஏழு வயதில் விஷக்காய்ச்சல் கண்டு கண் சொருகிப் போனது. அப்போது அவள்தான் அரிசிமாவைத் தண்ணீரில் கரைத்து, இலைக்கொத்தால் தொட்டு உன் நெற்றியிலும் உள்ளங்காலிலும் தெளித்து, மோயாங்கைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மருந்தும் கொடுத்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ கண் திறந்தபோது உன் தலைமாட்டில் இருந்தவள் அவள்தான். அந்த மாவு அவளுக்கு என்ன என்று எனக்கு அன்றே தெரியும். தெரிந்திருந்தும் செய்தேன் பார்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு தோட்டம் ரொம்ப மாறிவிட்டது. லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே ஒரு கேட், அதில் துப்பாக்கியோடு ஸ்பெஷல் போலீஸ். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம், அதனால் காலையில் ரப்பர்க் காட்டுக்குப் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பருக்கைகூட வெளியே கொண்டு போக முடியாது, வெறும் டீத்தண்ணீர்தான். எனக்கு முழங்கால் வலி வந்து மரம் வெட்ட முடியாமல் போனதும், கேட்டில் பெண்களைத் தடவிச் சோதிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஐப்பசியில் நம் பக்கத்து வீட்டு முனியாயியின் முக்காட்டு மடிப்பில் ஒரு கைப்பிடி அரிசி என் விரலில் தட்டுப்பட்டது. பத்து மணிக்குப் பசி தாங்க முடியாமல் பச்சையாக மெல்லுவதற்கு வைத்திருந்தாளாம். நான் வாயைத் திறக்கவில்லையடி, சத்தியம். ஆனால் என் முகம் மாறியதை ஸ்பெஷல் பார்த்துவிட்டான். அவளுக்கு ஒரு வருஷம் ஜெயில் போட்டுவிட்டார்கள். அவள் புருஷன் மாயாண்டி இன்றுவரை நம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

மார்கழி பிறந்து பத்து நாள் இருக்கும். காலையில் ஆட்கள் எல்லாம் வெளியே போய் முடிந்த பிறகு, கேட்டுக்கு வெளியே பால்மரத்தடியில் மானிஸ் நின்றாள். எத்தனை மாதம் கழித்துப் பார்க்கிறேன், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவர்கள் மலைக்காட்டில் விளைத்திருந்த நெல்லையெல்லாம் பட்டாளத்துக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம், மரவள்ளிக் கிழங்கைத்தான் தின்கிறார்களாம், சீக்கிரத்தில் அவர்களையும் லாரியில் ஏற்றிக் கேம்ப்புக்குக் கொண்டு போகப் போகிறார்களாம். அதையெல்லாம் அவள் பெரிதாகச் சொல்லவில்லை. கடைசிப் பெண் மெலூருக்கு ஆறு நாளாகக் காய்ச்சல், நீ அவளைப் பார்த்ததுகூட இல்லை, ஐந்து வயது. தெளிக்க அரிசிமாவு இல்ல, நீ கோலம் போடுவியே, அதுல ஒரு பிடி குடு, திங்கறதுக்கு இல்ல என்றாள். திங்கறதுக்கு இல்ல என்று இரண்டு தடவை சொன்னாள். நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன்.

வீட்டில் இரண்டு டின் இருந்தது. ரேஷன் வந்த பிறகு அரிசிமாவைத் தரையில் கொட்ட யாருக்கு மனசு வரும், லயத்தில் எல்லாரும் தினக்கோலத்துக்கு வெள்ளைக் கல்லை இடித்துச் சலித்த பொடியைத்தான் வைத்திருக்கிறோம். ஒரு டின்னில் அந்தக் கல்பொடி. இன்னொரு டின்னில், பொங்கலுக்கு மட்டும் நல்ல மாவில் கோலம் போட வேண்டும் என்று வாராவாரம் கொஞ்சங்கொஞ்சமாக மிச்சம் பிடித்து இடித்த அரிசிமாவு. இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கப்பா பார்த்துவிட்டு, என்னாத்துக்கு டின்ன மொறச்சிக்கிட்டு இருக்க, பொங்கலுக்கு இன்னும் நாளு கெடக்கு லா என்றார். அரிசிமாவில் கையை வைத்தேன், முனியாயி முகம் வந்தது. நான் காட்டிக்கொடுத்து ஒருத்தி உள்ளே கிடக்கிறாள், நானே மாவு கொண்டு போனால் எந்த முகத்தோடு கேட்டில் நிற்பேன் என்று நினைத்தேன். அது பாதிதான். மீதி வெறும் பயம். பிடிபட்டால் வேலை போகும், வீடு போகும், உங்கப்பாவின் இருமலோடு நாங்கள் எங்கே போவோம். கல்பொடி என்றால் பிடிபட்டாலும் வாயில் போட்டுக் காட்டலாம், சோறு இல்லை என்று நிரூபிக்கலாம். என் புத்திசாலித்தனத்தைப் பார்த்தாயா. கல்பொடியை வாழை இலையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் கேட்டில் என்னை யாரும் சோதிக்கவில்லை. எல்லாரையும் சோதிக்கிறவளை யார் சோதிப்பார்கள். அரிசிமாவே கொண்டு போயிருக்கலாம், படியளவு கொண்டு போயிருந்தாலும் ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான். அது அந்தக் கேட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வரலாம் என்று கால் ஒரு நிமிஷம் நின்றது, பிறகு நடந்தது. மானிஸ் இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கினாள். இதுதான் இருக்கு என்று சொன்னேன். வாங்கிக்கொண்டு என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள், பிறகு மரங்களுக்குள்ளே வேகமாகப் போய்விட்டாள்.

நாலாம் நாள் குழந்தை மெலூர் கண்ணை மூடிவிட்டாள். பால் லாரிக்காரன் சொல்லித்தான் தெரியும். அடுத்த வாரமே அந்தக் கம்பத்தையே காலி செய்து, டுரியான் துங்கால் ரோட்டோரத்தில் கம்பிவேலி போட்ட கேம்ப்பில் கொண்டு வைத்துவிட்டார்கள். மாவால் பிழைப்பதும் மாவில்லாமல் சாவதும் உண்டா என்று நீ கேட்பாய், நாலெழுத்து படித்தவள். எனக்கும் தெரியும், டாக்டர் பார்த்திருந்தால் பிழைத்திருக்கும், காடு மேடெல்லாம் அடைத்துப் போட்ட இந்தக் காலத்தில் அவளுக்கு யார் டாக்டர் காட்டுவார்கள். ஆனால் பெற்றவள் தன்னால் ஆனதைச் செய்கிற நேரத்தில், அவள் கையில் கல்லை வைத்துக் கொடுத்தவள் நான். பொங்கலன்று வாசலில் புள்ளி வைக்கக் குனிந்தேன், முடியவில்லை, எழுந்து உள்ளே வந்துவிட்டேன். முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கப்பாவுக்கு மருந்து வாங்க என்று பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு தோட்டத்து லாரியில் டவுனுக்குப் போனேன். திரும்பும்போது கேம்ப் வாசலில் இறங்கி, ஐந்து நிமிஷம் நிறுத்தப்பா என்று டிரைவர் தம்புசாமியிடம் கெஞ்சினேன். மானிஸைக் கூப்பிட்டுவிட்டார்கள், வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவளைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். நான் கொடுத்தது அரிசிமாவு இல்லை, கல்லு, வெறும் கல்லுப் பொடி என்று ஒரே மூச்சில் சொன்னேன். அடித்தாலும் சரி, காறித் துப்பினாலும் சரி என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தெரியும் என்றாள். தண்ணியில போட்டதுமே அடியில போய் உக்காந்துருச்சு, மாவுன்னா பாலாட்டம் கலங்கும், மாவுல கைபட்டுப் பழகின எனக்குத் தெரியாதா என்றாள். புருஷன் எட்டிப் பார்த்து இது என்ன என்று கேட்டானாம், மாவுதான் என்று அவனிடம் சொல்லிவிட்டாளாம். அதையே தெளித்தாளாம். மோயாங்குக்கிட்ட மட்டும் பொய் சொல்ல முடியாதுல்ல, அதனால உள்ளதச் சொன்னேன், என் சிநேகிதி வீட்டுலயும் அரிசி இல்ல, இருந்தா கொடுக்காம இருப்பாளா, அவகிட்ட இருந்தது இதுதான், இதையே ஏத்துக்கோன்னு கேட்டேன் என்றாள். சொல்லிவிட்டு கம்பி வழியாக விரலை விட்டு என் கண்ணைத் துடைத்தாள். ஒங்களையும் இப்படித்தான பட்டினி போடுறாங்க என்று எனக்காக அவள் வருத்தப்பட்டாள் ஜானகி.

டின்னில் அரைப்படி மாவு இருந்ததடி. இப்போதும் இருக்கிறது. அதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. தம்புசாமி ஹாரன் அடித்தான், நான் லாரியில் ஏறி வந்துவிட்டேன்.

இந்த ஒரு வாரமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மறுபடி பாஸ் வாங்கிப் போய் மீதியையும் சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் தோன்றுகிறது. சொன்னால் எனக்கு நெஞ்சு லேசாகும். அவளுக்கு என்ன கிடைக்கும்? பிள்ளையும் போய், கம்பமும் போய், கொடுக்க மனசிருந்தும் கையில் இல்லாத சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அதையும் நான் போய்ப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டுமா? சொல்ல மாட்டேன். இதை நான் சுமந்துகொண்டு கிடக்கிறேன். எனக்கு ஆறுதலாக நாலு வரி எழுத வேண்டும் என்று உனக்குத் தோன்றும், எழுதாதே, ஆறுதல் எனக்கு வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். கனமான வாளியைத் தூக்காதே, வெயிலில் ரயில்வே லைனைத் தாண்டிப் பசாருக்கு நடக்காதே, மாப்பிள்ளையை வாங்கிவரச் சொல். பிரசவத்துக்கு நான் வந்து சேர பாஸ் கேட்டிருக்கிறேன், துரை கையெழுத்துப் போட்டால் பங்குனி கடைசியில் வந்துவிடுவேன். உங்கப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அதில் இதைப் பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம். நீயும் உன் பிள்ளையும் தலை நோகாமல் பிழைத்துக் கிடந்து, யார் எது கேட்டாலும் உள்ளதைக் கொடுக்கிற மனசோடு மாரியாயி உங்களை வைத்திருக்க வேண்டும்.

உன் அம்மா,
பி. இருசம்மாள்